அம்மாவோட லுவாங் பிரபாங்ல முதல் நாள்

போன டிசம்பர்ல அம்மாவ கூட்டிட்டு லாவோஸ் போயிட்டு வந்தேன். அம்மாவுக்கு 64 வயசு, முட்டி வலி உண்டு, சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. இந்த மூணையும் மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ எழுதறது எல்லாமே இத சுத்தித்தான் வரும். தனியா பேக் மாட்டிட்டு கிளம்பற இருபது வயசு பசங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது. அப்பா அம்மாவ எங்கயாவது கூட்டிட்டு போகணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருக்கறவங்களுக்காக எழுதறேன்.

ஊர் பேரு லுவாங் பிரபாங். மீகாங் ஆறும் நாம் கான்ங்கற சின்ன ஆறும் சேர்ற இடத்துல நாக்கு மாதிரி நீண்டு கிடக்கற சின்ன ஊர். 1353ல ஃபா ங்கும்ங்கற ராஜா லான் சாங் ராஜ்ஜியத்த ஆரம்பிச்சப்ப இதுதான் தலைநகர். 1560ல தலைநகர வியந்தியானுக்கு மாத்திட்டாங்க, ஆனாலும் 1707ல ராஜ்ஜியம் உடைஞ்சப்ப இங்க தனி ராஜா வந்தார், அதுலேர்ந்து 1975ல ராஜாங்கமே ஒழியற வரைக்கும் இந்த ஊர்ல ராஜா இருந்தார். 1995ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. பழைய ஊர் பகுதிய இந்த முனைலேர்ந்து அந்த முனைக்கு மெதுவா நடந்தாலே அரை மணி நேரத்துல முடிஞ்சுடும், அதுக்குள்ளயே முப்பதுக்கு மேல புத்தர் கோயில் இருக்கு.

வியந்தியான்லேர்ந்து ட்ரெயின்ல வந்தோம். 2021 டிசம்பர்ல தொடங்கின லைன், ரெண்டு மணி நேரத்துல கொண்டு வந்து விட்டுடுது, முன்னாடி இதுவே மலை ரோட்டுல நாள் முழுக்க ஆகுமாம். டிக்கெட் எடுக்கறப்பயும் உள்ள நுழையறப்பயும் பாஸ்போர்ட் கேப்பாங்க. செக்கிங் ஏர்போர்ட் மாதிரியே இருக்கு, முக்கியமா ஸ்ப்ரே, கத்தி, கத்தரிக்கோல் எதையும் விட மாட்டாங்க. இது எனக்கு தெரியாது. அம்மா முட்டிக்கு அடிக்கற வலி ஸ்ப்ரே, பழம் நறுக்கற சின்ன கத்தி ரெண்டும் அங்கயே போச்சு. அவங்க விதி அது, விசாரிக்காம வந்தது என் தப்பு. ஆனா முதல் நாள் ராத்திரியே அம்மாவுக்கு தடவ மருந்து இல்லாம போனதுல எனக்கு மனசு கேக்கவே இல்ல. தைலமோ ட்யூப் மருந்தோ எடுத்துட்டு போங்க. ஸ்டேஷன் ஊருக்கு வெளிய தள்ளி இருக்கு, வாசல்லயே ஷேர் வேன் நிக்குது, ஒவ்வொருத்தரையா அவங்கவங்க தங்கற இடத்துல இறக்கி விட்டுட்டு போறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். முதல் நாளுக்குன்னு போன்ல ஒன்பது இடம் எழுதி வச்சிருந்தேன். காலைல புத்த பிக்குகளுக்கு தெருவுல பிட்சை போடறது, மார்க்கெட், சியெங் தோங் கோயில், அரண்மனை, மதியம் குவாங் சி அருவி, திரும்பி வந்து ஃபூசி மலைல சூரிய அஸ்தமனம், அப்புறம் நைட் மார்க்கெட்னு போயிட்டே இருக்கும். கெஸ்ட் ஹவுஸ் நடத்தற அம்மா அத வாங்கி பார்த்துட்டு போன திருப்பி கொடுத்துட்டாங்க. எங்க அம்மாவ காட்டி "மே, கொய் கொய்"னாங்க. கொய் கொய்னா மெதுவா மெதுவா. மேன்னா அம்மா. அப்புறம் அவங்களே ஆத்துப்பக்கம் கைய காட்டி, ஆறுக்கு அவங்க பாஷைல மே நாம்னு சொன்னாங்க, நாம்னா தண்ணி, தண்ணிக்கு அம்மா. மே நாம் கோங்ங்கறதத்தான் வெளிய மீகாங்னு சுருக்கிட்டாங்க. காவேரித் தாயேன்னு கும்பிட்டே வளந்த எங்க அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைலயே ஊர் பிடிச்சு போச்சு.

அந்த அம்மா சொன்னதோட சாரம் இதுதான். இந்த ஊருக்குன்னு ஒரு நேரம் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு பத்து மணி வரைக்கும் ஊர் முழிச்சிருக்கும், அப்புறம் வெயில் இறங்கற வரைக்கும் அசையாது, திரும்ப நாலு மணிக்கு மேல எழுந்திரிக்கும். நாம நம்ம லிஸ்ட்ட வச்சுக்கிட்டு அதோட மல்லுக்கட்டினா கால் வலிதான் மிச்சம். பாதிதான் நான் கேட்டேன், மீதி பாதிய பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

காலைல அஞ்சரை மணி. டிசம்பர்ல அங்க நல்ல குளிர், ஆத்து மேலேர்ந்து பனி தெருவுக்குள்ள இறங்கி நிக்குது, அம்மா புடவை மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல சால்வை. பிட்சைக்கு தாக் பாத்னு பேரு. மெயின் ரோட்டுல போய் பார்க்காதீங்க, அங்க வேன் வேனா கூட்டம் வந்து இறங்கி பிக்குகளோட மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டறாங்க, பார்க்கவே கஷ்டமா இருந்தது. பின்னாடி சந்துகள்ல அதே வரிசைதான் வருது, அங்க அந்தந்த தெருக்காரங்க மட்டும்தான். ரோட்டுக்கு எதிர்பக்கம் நில்லுங்க, தோள் முட்டி மூடின துணி போடுங்க, ஃபிளாஷ் வேணாம், பேச்சு வேணாம், வரிசைக்கு குறுக்க போகவே கூடாது. தெருவுல கூடைல சோறு வச்சு "நீங்களும் போடுங்க"ன்னு கைல திணிக்கறவங்க வருவாங்க, வாங்காதீங்க, எப்ப வடிச்சதுன்னு யாருக்கும் தெரியாத ஆறின சோறு அது, பிக்குகள் சாப்பிடப்போற சோறு. போடணும்னு நிஜமாவே ஆசை இருந்தா தங்கற இடத்துல முந்தின நாளே சொல்லுங்க, அவங்க வீட்டு சோத்துலேர்ந்து தருவாங்க.

எங்களுக்கு அப்படித்தான் அமைஞ்சது. கெஸ்ட் ஹவுஸ் அம்மா ராத்திரியே ஒட்டரிசிய ஊற போட்டு, நாலு மணிக்கு மூங்கில் கூடைல ஆவில வேக வச்சிருந்தாங்க. அவங்க பாய்ல முட்டி போட்டு உக்காந்தாங்க, எங்க அம்மாவுக்கு முட்டி மடங்காதுன்னு ஒரு ஜாண் உயரத்துல குட்டி மணை ஒண்ணு போட்டாங்க, ஏன்னா பிக்குவ விட நம்ம தலை தாழ்வா இருக்கணும். அவங்க தோள்ல குறுக்க ஒரு துண்டு போட்டுக்கிட்டாங்க, எங்க அம்மா புடவை தலைப்ப இழுத்து அதே மாதிரி போத்திக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசிக்கல ரெண்டு பேரும். சோறு கொதிக்க கொதிக்க சூடு, மூணு விரல்ல கிள்ளி நெல்லிக்கா அளவுக்கு உருட்டி பாத்திரத்துல போடணும், வரிசை நிக்காது, போயிட்டே இருக்கும். எங்க அம்மாவுக்கு விரல்ல சோறு ஒட்டிக்கிட்டு ரெண்டு பேர் தாண்டி போயிட்டாங்க, அம்மா பதறி நிமிர்ந்தப்ப பக்கத்துல இருந்தவங்க தொடைல மெதுவா தட்டி அடுத்தவர காட்டினாங்க. வயசானவங்க முன்னாடி வராங்க, கடைசில வர்றது பத்து பன்னெண்டு வயசு பசங்க, வெறுங்காலு, குளிர்ல அந்த பாதம் செவந்து கிடக்கு. பாத்திர மூடி திறக்கற சத்தம், துணி உரசற சத்தம், வேற சத்தமே இல்ல. தெரு முனைல சில ஏழை குழந்தைங்க கூடை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, இந்த பிக்குகளே தன் பாத்திரத்துலேர்ந்து கொஞ்சம் சோறும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்து அந்த கூடைல போட்டுட்டு போனாங்க. அதுக்கப்புறம் அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெல்ல "எங்க பாட்டி அரிசி அளக்கறப்ப ஒரு பிடி தனியா எடுத்து வைப்பா, பிடி அரிசின்னு, நான்தான் விட்டுட்டேன்"னாங்க.

ஆறரைக்கு மார்க்கெட். உயிர் மீன், மூங்கில் குருத்து, தேன் அடை அப்படியே, பேர் தெரியாத கீரை நாப்பது வகை. கறி மீன் பக்கம் அம்மாவுக்கு ஒத்துக்காதுன்னு ஓரமாவே கூட்டிட்டு போனேன். அங்க காயுற பச்சைத் தாள் மாதிரி ஒண்ண பாருங்க, கைபேன்னு பேரு, ஆத்துப்பாசி. தண்ணி வத்தற காலத்துல பாறைலேர்ந்து எடுத்து, அலசி, எள்ளு பூண்டு தக்காளி எல்லாம் மேல போட்டு தாள் மாதிரி வெயில்ல காய வைக்கறாங்க, எண்ணெய்ல போட்டு எடுத்தா அப்பளம் மாதிரி நொறுங்குது. ஆனா கூட கொடுக்கற ஜியோ போங்ங்கற காரத் தொக்குல எருமைத் தோல் கலந்திருக்கும், சைவக்காரங்க அத தொடாதீங்க.

இங்கதான் பணத்துல சொதப்பினேன். கிப்னு பேரு அவங்க பணத்துக்கு, நாங்க போனப்ப நம்ம ஒரு ரூபாய்க்கு சுமார் 250 கிப், அதனால எல்லாமே ஆயிரத்துலயும் லட்சத்துலயும்தான். நோட்டு பெரும்பாலும் ஒரே தலைவர் படம், முட்டை முட்டையா பூஜ்ஜியம். ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு 5,000னு நினைச்சு 50,000 நோட்ட கொடுத்துட்டு நடந்துட்டேன். பின்னாடி யாரோ ஓடி வர்ற சத்தம், திரும்பினா அந்த பழக்கார பாட்டி, மூச்சு வாங்குது, நோட்ட என் கைல வச்சு அழுத்தி, 5,000த்த அவங்களே என் பர்ஸ்லேர்ந்து காட்டி எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு நான் யாரோ. அம்மா அவங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து பத்தாயிரத்துக்கு கீழ ஒரு பர்ஸ், மேல உள்ளது இன்னொரு பர்ஸ்னு பிரிச்சு வச்சேன். பத்து நாள்ல அப்புறம் ஒரு தடவை கூட தப்பு வரல.

எட்டு மணிக்கு சியெங் தோங் கோயில். 1560 வாக்குல செத்தாதிராத் ராஜா கட்டினது, கூரை அடுக்கடுக்கா சரிஞ்சு கிட்டத்தட்ட தரைய தொடற அளவுக்கு வருது. எட்டுலேர்ந்து ஒன்பதுக்குள்ள போயிடுங்க, அதுக்கு மேல க்ரூப் க்ரூப்பா வந்துடறாங்க. பின் சுவத்துல செவப்பு பின்னணில கண்ணாடித் துண்டுகளால ஒரு மரம், வெயில் ஏற ஏற அது மின்னறது மாறிக்கிட்டே இருக்கு. ராஜாவோட இறுதி ஊர்வலத் தேர் நிக்கற மண்டபத்த தவற விடாதீங்க, அதோட முகப்பு முழுக்க தங்க வேலைப்பாட்டுல ராமாயணம். அங்க அதுக்கு ஃபா லக் ஃபா லாம்னு பேரு, லட்சுமணன் பேரு முன்னாடி, ராமன் பேரு பின்னாடி. அம்மா கண்ணாடிய துடைச்சு துடைச்சு போட்டுக்கிட்டு ஒவ்வொரு சிற்பமா நின்னாங்க, தீக்குள்ள நிக்கற உருவத்த பார்த்ததும் சீதைன்னு அவங்களாவே கண்டுபிடிச்சுட்டாங்க. இன்னொண்ணு, போர்டுல இருக்கற லாவோ எழுத்து சுழி சுழியா நம்ம எழுத்து மாதிரியே இருக்கேன்னு அம்மா கேட்டுக்கிட்டே வந்தாங்க. அந்த எழுத்து கெமர் எழுத்து வழியா வந்தது, அதுக்கு மூலம் காஞ்சிபுரத்து பல்லவர் எழுத்துன்னு சொன்னேன். தமிழ் டீச்சரா முப்பது வருஷம் இருந்தவங்க, அப்புறம் நாள் முழுக்க கடை போர்டு எல்லாத்தையும் எழுத்துக் கூட்டி பார்த்துட்டே வந்தாங்க.

கோயில்லேர்ந்து படி இறங்கினா மீகாங். ஆத்துல தண்ணி இறங்கின கரைச் சரிவுல பாத்தி பாத்தியா தோட்டம் போட்டிருக்காங்க, நிலக்கடலை, கீரை, பீன்ஸ் பந்தல், வெங்காயத்தாள். மழை முடிஞ்சு தண்ணி வத்த வத்த புது வண்டல்ல கீழ கீழ நட்டுட்டே போவாங்களாம், அடுத்த மழைக்கு ஆறு ஏறி வந்து எல்லாத்தையும் எடுத்துக்கும், திரும்ப நடுவாங்க. உரமே வேணாமாம். ஒருத்தர் ரெண்டு தகர டின்ன காவடி மாதிரி தோள்ல தூக்கிட்டு தண்ணி விட்டுட்டு இருந்தார். அம்மா படிலயே உக்காந்துட்டாங்க. லிஸ்ட்ல இல்லாத இடம் இது, முக்கா மணி நேரம் அங்கயே இருந்தோம். ஊருக்கு மேல சுமார் 25 கிலோமீட்டர்ல பெரிய அணை ஒண்ணு கட்டிட்டு இருக்காங்க, 1,460 மெகாவாட். அது முடிஞ்சா இங்க தண்ணி ஏறி இறங்கற கணக்கே மாறிடுமேங்கற கவலை அந்த பாத்திகள பார்த்துட்டு வந்த எனக்கு இப்பவும் இருக்கு.

அப்பதான் நான் அவசரப்பட்டேன். மணி பதினொன்னு ஆயிடுச்சேன்னு அம்மாவ எழுப்பி வெயில்ல அரண்மனைக்கு நடத்தி கூட்டிட்டு போனேன். பதினொன்னரைக்கு மியூசியம் மூடிடறாங்க, ஒன்றரைக்குத்தான் திறப்பாங்க. கேட்டுல நின்னப்ப அம்மா ஒண்ணுமே சொல்லல, தூண பிடிச்சுக்கிட்டு ஒரு கால மட்டும் தூக்கி நின்னாங்க. அதப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. அங்கயே குவாங் சி அருவிய அன்னிக்கு லிஸ்ட்லேர்ந்து அடிச்சேன். ஊர்லேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர், அதுக்கு தனியா ஒரு காலை வேணும், முதல் நாள் மதியத்துல செருகற இடமே இல்ல அது. முந்தின நாளே ஒரு டூர் கடைல வேனுக்கு பணம் கட்டியிருந்தேன், போய் கேட்டா திருப்பித் தர மாட்டோம்னுட்டாங்க, நாள கூட மாத்தித் தரல, கட்டறப்ப சிரிச்சு பேசினவங்கதான். முதல் நாளுக்கு எதையும் முன்கூட்டி புக் பண்ணாதீங்க, அங்க போய் முந்தின சாயந்திரம் சொன்னாலே தாராளமா வண்டி கிடைக்குது.

சாப்பாடு. சைவம்னு சொன்னா போதாது, கறி இல்லாம பண்ணிட்டு மீன் சாறு ஊத்திடுவாங்க, அவங்களுக்கு அது உப்பு மாதிரி. மொதல்ல "கின் ஜே"ன்னு சொல்லணும், சுத்த சைவம்னு புரிஞ்சுக்குவாங்க. அதோட "போ சை நாம் பா, போ சை பாடேக்"னு சேர்த்து சொல்லுங்க, போ சைன்னா போடாதீங்க, நாம் பா மீன் சாறு, பாடேக் புளிக்க வச்ச மீன் விழுது. இத லாவோ எழுத்துல எழுதி வாங்கி போன்ல போட்டோவா வச்சுக்கிட்டேன், கடைக்காரங்ககிட்ட காட்டினா தலையாட்டி சமையக்கட்டுக்குள்ள கொண்டு போய் காட்டிட்டு வராங்க. காவ் சோய்னு ஊர்ல பேர் போன நூடுல்ஸ் இருக்கு, அதுல பன்றிக்கறி, அதனால எங்களுக்கு இல்ல. ஒட்டரிசி சோறு, சுட்ட தக்காளித் துவையல், வதக்கின கீரை, இது எங்கயும் கிடைக்குது. அம்மா கைப்பைலேர்ந்து இட்லி பொடிய எடுத்து, உருட்டின ஒட்டரிசிய அதுல தொட்டு சாப்பிட்டாங்க. நிஜமா சொல்றேன், அவ்வளவு நல்லா இருக்கு. கடைக்கார பொண்ணும் ஒரு வாய் வாங்கி சாப்பிட்டுட்டு திரும்ப கைய நீட்டினா.

ரெண்டரை வரைக்கும் ரூம்ல தூக்கம். இத சும்மா சொல்லல, வயசானவங்களோட போனா இந்த மதிய தூக்கம்தான் மொத்த டிரிப்பையும் காப்பாத்தும். அப்புறம் அரண்மனை. 1904ல பிரெஞ்சுக்காரங்க காலத்துல கட்டினது. பை, செருப்பு, கேமரா எல்லாம் வெளிய லாக்கர்ல. ஊருக்கு பேர் கொடுத்த ஃபா பாங் புத்தர் சிலை இந்த வளாகத்துல தனிக்கோயில்ல இருக்கு, 83 சென்டிமீட்டர்தான் உயரம். இலங்கைல வார்த்ததுன்னு அவங்க கதை. ஏப்ரல் நடுவுல அவங்க புத்தாண்டுக்கு இத வெளிய எடுத்துட்டு வந்து பக்கத்து வாட் மாய் கோயில்ல வச்சு ஊரே தண்ணி ஊத்தி நீராட்டுதாம், நம்ம சித்திரை பொறக்கற அதே நாட்கள்தான். அந்த சமயம் போகணும்னு ஆசைப்பட்டா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, மார்ச் ஏப்ரல்ல காடு வயல் கொளுத்தற புகை ஊர மூடிடும், அம்மா அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தா நவம்பர்லேர்ந்து ஜனவரிக்குள்ள முடிச்சுடுங்க.

ஃபூசி மலை ஊர் நடுவுல இருக்கு, அரண்மனை பக்கத்துலேர்ந்து 328 படி. அம்மாவால முடியாது, எனக்கு பார்க்கணும். அம்மாவ ஆத்தோரம் டீக்கடைல உக்கார வச்சுட்டு நான் மட்டும் நாலு மணிக்கு ஏறினேன். உச்சில 1804ல கட்டின தாட் சோம்சி, தங்க நிறக் கோபுரம். ரெண்டு ஆறும் ஒண்ணு சேர்றது, நடுவுல கூரையும் தென்னையுமா ஊர், எல்லாம் தெரியுது. அஸ்தமனத்துக்கு எல்லாரும் அங்கதான் ஏறுவாங்க, அஞ்சு மணிக்கே நிக்க இடமில்ல, தலை தலையா போன். நான் நாலே முக்காலுக்கு இறங்கிட்டேன். இறங்கறப்ப எதிர்ல மேல ஏறிக்கிட்டிருந்த கூட்டத்த பார்த்தப்ப சரியாத்தான் பண்ணினேன்னு தோணிச்சு.

அதுக்கப்புறம் நாம் கான் மேல மூங்கில் பாலம். மழைக்காலத்துல ஆறு வேகமா வர்றதால கழட்டிடுவாங்க, தண்ணி வத்தினதும் ஒரு குடும்பம் திரும்ப கட்டி, தாண்டறவங்ககிட்ட கொஞ்சம் காசு வாங்கறாங்க. அகலம் ரெண்டு பேர் போற அளவு, கால் வச்சா கிர்ருனு அழுந்தி எழும்புது. அம்மா பாதிலயே நின்னு "வேணாம்டீ, திரும்பிடலாம்"னாங்க. நான் அவசரப்படுத்தல, அன்னிக்கு கத்துக்கிட்டதுதான். அப்படியே நின்னோம். காசு வாங்கற பையன் வந்து எங்க அம்மாவுக்கு முன்னாடி பின்பக்கமா நடந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு "மே, கொய் கொய்"னு கூட்டிட்டு போனான். அக்கரைல போய் சேர்ந்து திரும்பி பார்த்தப்ப அம்மா மூஞ்சில இருந்தத எழுத எனக்கு தெரியல.

நைட் மார்க்கெட் மெயின் ரோட்டுல அஞ்சு மணிக்கு மேல. மோங்ங்கற மலைவாழ் இனத்து பொண்ணுங்களோட கைத்தையல் துணி, அவுரி சாயத் துணி. பேரம் பேசலாம், ஆனா அவங்க தச்ச நேரத்த நினைச்சு பேசுங்க. அலுமினியத்துல ஸ்பூன், வளையல் விக்கறாங்க, "பாம்"னு சொல்லுவாங்க. 1964லேர்ந்து 1973 வரைக்கும் அமெரிக்கா இந்த நாட்டு மேல இருபது லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டிருக்கு, அதோட ஓட்டுலேர்ந்து உருக்கி பண்ணினதுங்க. வெடிக்காதது இன்னும் வயல்ல கிடக்கு. அம்மா ஒரு ஸ்பூன எடுத்தாங்க, நான் விஷயத்த சொன்னதும் திருப்பி வச்சுட்டாங்க, யாராவது வயல்ல போய் அத பொறுக்கணுமேன்னு. அதுவே சில குடும்பத்துக்கு பிழைப்புங்கறதும் உண்மைதான். நான் அம்மா பக்கம், வாங்கல. அதுக்கு பதிலா வெடிக்காத குண்டுகள எடுக்கற யூஎக்ஸ்ஓ லாவோங்கற அமைப்போட கண்காட்சி இடம் ஊர்லயே இருக்கு, அங்க மறுநாள் போனோம்.

எட்டு மணிக்கெல்லாம் ரூமுக்கு வந்துட்டோம். ஒன்பதுல அம்மாவோட சேர்ந்து பார்த்தது அஞ்சுதான். கெஸ்ட் ஹவுஸ் அம்மா வாசல்ல அடுத்த நாளுக்கு ஒட்டரிசி களைஞ்சுட்டு இருந்தாங்க. எங்க அம்மா செருப்ப கழட்டிட்டு நேரா அவங்க பக்கத்துல போய் மணைய இழுத்து போட்டு உக்காந்து, பாத்திரத்த வாங்கி தண்ணி வடிச்சாங்க. நான் மாடிக்கு ஏறறப்ப பின்னாடிலேர்ந்து அம்மா குரல், "நாலு மணிக்கு அலாரம் வைடீ, நாளைக்கு ஒருத்தர கூட விடக்கூடாது."